எஸ்.ஆர். புத்தகத்தில் இல்லாத கட்டம்



ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று காலையில் மாவட்டத் தலைநகரங்களில் ஆயுதப்படை மைதானத்து நினைவுத் தூணுக்கு முன்னால் போலீஸார் அணிவகுத்து நிற்பார்கள். 1959-இல் அதே தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் சுட்டு மத்திய ரிசர்வ் போலீஸைச் சேர்ந்த 10 பேர் இறந்தார்கள். அதன் நினைவாகத்தான் இந்த நாள். அந்த வருஷம் நாடு முழுவதும் பணியில் உயிர்விட்ட போலீஸாரையும் அன்றே நினைத்து மரியாதை செய்வார்கள். ஏப்ரல் 14 அன்று நாம் சித்திரைக் கனி பார்த்துக்கொண்டிருக்கும்போது, தீயணைப்பு நிலையங்களில் இன்னொரு அஞ்சலி நடக்கும். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டைகின் என்ற கப்பல் வெடித்தபோது, தீயை அணைக்கப் போய் மாண்ட 66 வீரர்களுக்கான அஞ்சலி அது.

குண்டடி பட்டவருக்கு ஒரு நாள் இருக்கிறது, தீயில் போனவருக்கும் ஒரு நாள் இருக்கிறது. அதே வேலையில் தூக்கம் கெட்டு, மனம் உடைந்து, குடியில் விழுந்தோ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோ போனவர்கள் இந்த இரண்டு பட்டியலிலும் வரமாட்டார்கள். அவர்களுடைய கதை எங்கே தொடங்கியது, அரசாங்கம் அதை எப்போது கவனிக்க ஆரம்பித்தது என்று எனக்குத் தெரிந்த அளவில் இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன், புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்று மனைவியின் ஊரான சிவகிரிக்கு வந்து சேர்ந்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எழுத்தர் வேலையில் நான் புரட்டிய எஸ்.ஆர். புத்தகங்கள், அதாவது பணிப் பதிவேடுகள், கொஞ்சநஞ்சமல்ல. பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம், சம்பள உயர்வு, எடுத்த விடுப்பு, பெற்ற தண்டனை எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. போலீஸ்காரராக இருந்தால் மார்பளவைக்கூட டேப் வைத்துப் பார்த்துத்தான் வேலைக்கு எடுப்பார்கள். மனசுக்கு மட்டும் எந்தக் கட்டமும் கிடையாது. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதெல்லாம் அந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான்.

பாளையத்துக் காவல்

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். சிவகிரி ஒரு பாளையம். கம்பெனி ஆட்சி வேரூன்றுவதற்கு முன் இந்தப் பக்கத்துப் பாளையக்காரர்களுக்குக் காவல் உரிமையும் இருந்தது. ஒரு கிராமத்தைப் பார்த்துக்கொள்வது ஸ்தலக்காவல். பாதைகளும் பல கிராமங்களும் அடங்கிய வட்டாரத்தைப் பார்த்துக்கொள்வது தேசகாவல். காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு அளப்பார்கள். களவு போனால் அவர் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டில் அநியாயமும் இருந்தது. காவல் கூலி கொடுக்காதவன் தொழுவத்தில் மாடு காணாமல் போகும் என்பது ஊரறிந்த விஷயம்.

ஆனாலும் காவல் அன்றைக்குத் தனி ஆளின் வேலையாக இருக்கவில்லை. அது ஒரு கூட்டத்தின் பாத்தியதை. இரவெல்லாம் விழித்தவன் காலையில் தன் வீட்டுத் திண்ணையில்தான் படுத்தான். அவன் பார்த்ததையும் பயந்ததையும் கேட்கப் பங்காளிகள் இருந்தார்கள்.

1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனியார் ஆயுதங்களைப் பறித்துக் காவல் உரிமையையும் நீக்கினார்கள். 1803 வாக்கில் சிவகிரி ஜமீனாக மாறியது. 1816-இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டத்தால் வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸ் அதிகாரியும் ஆனார். அதன் விளைவு கொடுமையாக இருந்தது. வரி கட்டாத குடியானவனைக் குனிய வைத்து முதுகில் கல் ஏற்றுவது, வெயிலில் நிறுத்துவது போன்ற சித்திரவதைகளைப் பற்றி ஒரு விசாரணைக் கமிஷன் 1855-இல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் வருவாய்த் துறையிலிருந்து போலீஸைப் பிரித்து 1859-இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. வில்லியம் ராபின்சன் என்பவர் அதன் முதல் தலைவர். நம் போலீஸ் துறை பிறந்ததற்கே ஒரு சித்திரவதை அறிக்கைதான் காரணம் என்பது பலருக்குத் தெரியாது.

எப்போதும் பணியில்

புதிய போலீஸ்காரர் சீருடை போட்டார், மாதச் சம்பளம் வாங்கினார், போலீஸ் லைனில் குடியிருந்தார். அவருக்கு ஊர் கிடையாது, எங்கு அனுப்பினாலும் போக வேண்டும். 1861-இல் வந்த போலீஸ் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, போலீஸ் அதிகாரி எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று சொல்கிறது. களவு ராத்திரியிலும் நடக்கும் என்பதால் சட்டம் எழுதியவர்களுக்கு அது நியாயமாகப் பட்டிருக்கும். ஆனால் நடைமுறையில் அந்த ஒரு வரிதான் 160 வருஷத்துக்கு ஓய்வு கேட்டவருக்குச் சொல்லப்பட்ட பதில்.

அதற்கு முந்தைய வருஷம், 1860-இல், இந்திய தண்டனைச் சட்டம் வந்தது. அதன் 309-ஆவது பிரிவுப்படி தற்கொலைக்கு முயல்வது குற்றம். ஆகவே மனம் உடைந்த ஒரு போலீஸ்காரர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்துவிட்டால் சட்டப்படி அவர் குற்றவாளி. சக போலீஸ்காரரே அவர்மேல் வழக்கு எழுத வேண்டியிருக்கும். ஓய்வில்லாத வேலையும் உடைந்தவனுக்குத் தண்டனையும் அடுத்தடுத்த வருஷங்களில் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டன.

நீலகிரிக்கு வந்த மருத்துவர்

பயங்கரத்தைப் பார்த்த மனம் நோயுறும் என்பதை உலகம் சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே கிடந்த சிப்பாய்கள் பேச்சிழந்தார்கள், கை நடுங்கினார்கள், தூக்கத்தில் அலறினார்கள். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் இதை 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் மருத்துவ இதழில் எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கிக் குண்டுக்கான சொல்லிலிருந்து 'ஒபுசீத்' என்று பெயரிட்டார்கள். பெயர் வைத்தாலும் இரக்கம் வரவில்லை. போர்முனையை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக 306 பேரைப் பிரிட்டிஷ் ராணுவமே சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் மனம் பாதிக்கப்பட்டவர்கள் என்று பின்னாளில் உணர்ந்து மன்னிப்பு வழங்கியது 2006-இல்தான்.

அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் கிரெய்க்லாக்கார்ட் என்ற ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். நமக்குச் சம்பந்தமில்லாத ஆள் என்று எண்ண வேண்டாம். 1901, 1902-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி, அவர்களைப் பற்றி 1906-இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டவர் அவர்தான். தோடர் மந்துகளில் உட்கார்ந்து மனிதர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்ட அந்த மனிதர், போரில் உடைந்த அதிகாரிகளிடமும் அதையே செய்தார். அன்றைக்குப் பொதுவான வைத்தியம், 'அதை மறந்துவிடு, நினைக்காதே' என்பது. ரிவர்ஸ் அதற்கு மாறாக, பார்த்த கோரத்தை உள்ளே போட்டு அமுக்குவதுதான் நோயை வளர்க்கிறது, நம்பிக்கையானவரிடம் சொல்ல வைக்க வேண்டும் என்று 1917-இல் ஒரு கட்டுரை படித்தார். அடுத்த வருஷம் அது அச்சில் வந்தது. நூறு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. நம் வீடுகளில் இன்றும் 'அதையெல்லாம் நினைக்காதே' என்றுதான் சொல்கிறோம்.

காரைக்காலில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனாவில் சண்டை பார்த்தவர். தீபாவளிக்கு முதல் நாளே கிளம்பி வயல்வெளி நடுவில் இருந்த ஓர் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார், வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் திரும்புவார். 'பட்டாசுக்குப் பயப்படும் சொல்தா' என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவர் பதில் சொல்லமாட்டார். அவருக்கு இருந்தது ஒரு நோய் என்று மருத்துவ உலகம் தன் அதிகாரப்பூர்வமான பட்டியலில் சேர்த்தது 1980-இல். அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

1979

மறுபடி நம் போலீஸ் நிலையத்துக்கு வருவோம். மில் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை வந்தது, அரசு ஊழியர்களுக்குச் சங்கம் வந்தது. போலீஸ்காரருக்கு இரண்டும் வரவில்லை. 1966-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று, அரசின் அனுமதியில்லாமல் போலீஸார் சங்கத்தில் சேரக் கூடாது, பத்திரிகையோடு பேசக் கூடாது என்று கட்டுப்படுத்தியது.

1977-இல் தர்மவீரா தலைமையில் தேசியப் போலீஸ் கமிஷன் அமைந்தது. அதன் முதல் அறிக்கை 1979 பிப்ரவரியில் வந்தது. அது பெரும்பாலும் கான்ஸ்டபிள்களின் வாழ்க்கையைப் பற்றியது. அவர்கள் நாளொன்றுக்கு 10 முதல் 16 மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் வேலை பார்க்கிறார்கள் என்று அது பதிவு செய்தது. அதே வருஷக் கோடையில் பஞ்சாபில் தொடங்கிய போலீஸ்காரர்களின் கிளர்ச்சி பல மாநிலங்களுக்குப் பரவியது. தமிழ்நாட்டிலும் அது எதிரொலித்தது. அதிகாரிகள் வீட்டில் துணி துவைக்கவும் நாயைப் பார்த்துக்கொள்ளவும் கான்ஸ்டபிள்களை வைத்திருந்த ஆர்டர்லி முறையை ஒழித்து அந்த வருஷமே இங்கு அரசாணையும் வந்தது. காகிதத்தில் ஒழிந்த ஆர்டர்லி முறை நடைமுறையில் நீடித்ததால் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி கண்டிக்க வேண்டியிருந்தது.

கமிஷன் சொன்ன வேலை நேரம் மாறியதா? 2014-இல் மத்திய அரசின் போலீஸ் ஆராய்ச்சி அமைப்புக்காக நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடந்தது. போலீஸ் நிலைய ஊழியர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் 8 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறார்கள், 68 சதவீதம் பேர் 11 மணி நேரத்துக்கு மேல், 28 சதவீதம் பேர் 14 மணி நேரத்துக்கு மேல் என்று தெரிந்தது. மாதத்தில் ஒரு நாள்கூட வார விடுமுறை கிடைக்காதவர்கள் நான்கில் மூன்று பங்கு. நடுவில் 35 வருஷம் ஓடியிருந்தது.

ஒரே வருஷத்தில் இரண்டு

இது போலீஸை மட்டும் பற்றிய விஷயமல்ல. 2004-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். மாடிக்கு ஏறிய தீயணைப்பு வீரர்களும் அக்கம்பக்கத்து இளைஞர்களும் ஒவ்வொரு குழந்தையாகக் கீழே கொண்டுவந்தார்கள். அவர்களில் பலர் தாங்களும் பிள்ளை பெற்றவர்கள். ஐந்து மாதம் கழித்து டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,065 பேர். எங்கள் காரைக்காலும் தப்பவில்லை. உடல்களை எடுத்தவர்கள் போலீஸார், தீயணைப்புப் படையினர், மீனவ இளைஞர்கள், பல நகராட்சிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். வெயிலில் ஊறிய உடல்களைக் கையால் தூக்கிப் புதைத்தார்கள். உறவை இழந்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஆலோசகர்கள் வந்தார்கள், பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் வந்தார்கள். அது நல்ல காரியம், அதற்கு முன் அந்த அளவில் நடந்ததில்லை. குழி வெட்டிய துப்புரவுத் தொழிலாளி லாரி ஏறித் தம் ஊருக்குத் திரும்பி மறுநாள் தெரு கூட்டப் போனார். அன்றிரவு அவர் தூங்கினாரா என்பதை யார் போய்க் கேட்டிருப்பார்கள்?

2008 செப்டம்பரிலிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. நம் ராஜபாளையம் – தென்காசி ரோட்டில் சபரிமலை சீசனிலும் குற்றாலம் சீசனிலும் எத்தனை முறை அந்தச் சைரனைக் கேட்கிறோம்! ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் பெரும்பாலும் 30 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள். ஒரு விபத்தைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வண்டியைக் கழுவிவிட்டு அடுத்த அழைப்புக்குத் தயாராகிவிட வேண்டும்.

மச்சான் சொன்னது

என் மனைவியின் அண்ணன் போலீஸில் சிறப்பு எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வுபெற்றவர். இந்தப் பதிவுக்காக ஒரு சாயங்காலம் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் வேலை பார்த்த ஸ்டேஷன் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு கார்த்திகை மாதத்தில் அய்யப்ப பக்தர்கள் வந்த வேன் ஒன்று லாரியில் மோதியதையும், பிரேதப் பரிசோதனை முடியும் வரை இரண்டு நாள் மார்ச்சுவரி வாசலில் நின்றதையும் சொன்னார். இறந்தவர்களில் ஒரு சின்னப் பையன். அவன் பையில் இருமுடியோடு ஒரு பொம்மைக் காரும் இருந்ததாம். அதைப் பட்டியலில் எழுதியது இவர்தான்.

"மாப்ள, பாத்துப் பாத்துப் பழகிரும்னு சொல்லுவாவ. அது பழகாது. பழகின மாதிரி நடிக்கதான் பழகிரும்" என்றார்.

"டாக்டரைப் பார்த்திருக்கலாமே மச்சான்?"

"பாத்து என்னன்னு சொல்ல? ராத்திரி தூக்கம் வரல, பொம்மைக் காரு கண்ணுல நிக்கின்னா சொல்ல முடியும்? ஸ்டேஷன்ல தெரிஞ்சிட்டுன்னா துப்பாக்கி டூட்டி போட மாட்டாவ. அவன் மெண்டலுல்லா அப்படிம்பானுவ. லீவு கேட்டா திருவிழா பந்தோபஸ்துக்கு ஆள் பத்தலம்பாவ. கேக்காம வீட்டுல இருந்தா 3(பி) சார்ஜ். அதுக்கு ஒரு குவாட்டர அடிச்சிட்டுப் படுத்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ."

உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். "இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாண்ணே?" என்றாள். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவிலில் இந்த வருஷம் கூட்டம் எப்படி என்று பேச்சை மாற்றிவிட்டார்.

'மெண்டல்' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் பலர் வாய் திறப்பதில்லை. சென்னையில் 1794-இல் தொடங்கிய மனநலக் காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. நாட்டின் பழமையான மனநல மருத்துவமனைகளில் ஒன்று. எத்தனையோ பேரைக் குணமாக்கி அனுப்பியிருக்கிறது. நாமோ அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கிவிட்டோம். சினிமாவிலும் திண்ணையிலும் 'கீழ்ப்பாக்கம்' என்றால் சிரிப்பு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுவதைக் கல்யாண வீட்டில்கூடச் சொல்கிறோம், மனசுக்கு மாத்திரை சாப்பிட்டால் பீரோவில் ஒளித்து வைக்கிறோம்.

ஒரு நியாயமான கேள்வி

'போலீஸ்காரன் அடிக்கிறான், லஞ்சம் வாங்குகிறான், அவனுக்குப் போய்ப் பரிந்து பேசுகிறீரே' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 2020 ஜூனில் நமக்குப் பக்கத்திலேயே சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு இறந்தார்கள். சி.பி.ஐ. விசாரித்துப் போலீஸார் மீது கொலை வழக்குத் தொடுத்தது. அந்தக் கொடுமைக்கு மன அழுத்தம் ஒரு காரணம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அழுத்தத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பிறரை அடிப்பதில்லை, தங்களைத்தான் வருத்திக்கொள்கிறார்கள். அன்றைக்கு அதே நிலையத்தில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் நடந்ததைத் துணிந்து சாட்சி சொன்னதையும் மறக்கக் கூடாது. அடித்தவனுக்குத் தண்டனை வேண்டும். அதே சமயம், 14 மணி நேரம் நின்று, தூங்காமல், யாரிடமும் பேச வழியில்லாமல் இருக்கும் ஆளிடம் லத்தியையும் துப்பாக்கியையும் கொடுத்து வைப்பது நம் எல்லோருக்குமே ஆபத்து. அவரை நல்ல மனநிலையில் வைத்திருப்பது பொதுமக்களுக்கான பாதுகாப்பும்தான்.

மெதுவாக வந்த மாற்றம்

நல்ல செய்திகளும் உண்டு. 2018-இல் தமிழ்நாடு போலீஸ் நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. அதே வருஷம் மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்றும் அது சொல்கிறது. 2024 ஜூலை 1 அன்று புதிய தண்டனைச் சட்டம் வந்தபோது பழைய 309-ஆவது பிரிவு இல்லாமல் போனது. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்க அப்படி முயன்றால் மட்டுமே இப்போது குற்றம்.

வார ஓய்வு 2021-இல் வந்தது. செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார், நவம்பரில் அரசாணை வெளிவந்தது. இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. 1859-க்கும் 2021-க்கும் இடையில் 162 வருஷம். ஆள் பற்றாக்குறையாலும் பந்தோபஸ்தாலும் அந்த ஒரு நாளும் பல இடங்களில் தள்ளிப்போகிறது என்று போலீஸ் வேலையில் இருக்கும் நம் தெருப் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆனாலும் காகிதத்தில் ஏறியது பெரிய விஷயம். கேட்டு வாங்குவதற்கு ஒரு அரசாணை எண் இருக்கிறது என்பதன் அருமை எழுத்தராக இருந்தவனுக்குத் தெரியும்.

2023 ஜூலை 7 அன்று கோவை சரக டி.ஐ.ஜி. விஜயகுமார் உயிரை மாய்த்துக்கொண்டார். 45 வயது, மரியாதையோடு பேசப்பட்ட அதிகாரி. அவர் மன அழுத்த நோய்க்குச் சிகிச்சையில் இருந்தவர் என்று உயரதிகாரிகள் வெளிப்படையாகச் சொன்னார்கள். பணிச்சுமையா, நோயா, வேறு எதுவுமா என்று ஊரெல்லாம் பேசியது. ஒரு மனிதரின் உள்ளே நடந்ததை வெளியிலிருந்து ஒரே காரணத்தில் அடக்க முடியாது. ஆனால் கான்ஸ்டபிளுக்கு மட்டும் வரும் நோயல்ல இது, தோள்பட்டையில் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் வரும் என்று அன்று தமிழ்நாடு முழுவதற்கும் தெரிந்தது.

பிரெஞ்சு நாட்டிலும் இதே கதைதான். அங்கே சாதாரண போலீஸ்காரருக்குப் பதவிப் பெயரே 'கார்தியான் தெ லா பே', அதாவது அமைதியின் காவலர். 1996-இல் போலீஸுக்கென்றே உளவியலாளர்கள் கொண்ட ஒரு தனிப் பிரிவை அங்கே அமைத்தார்கள். துப்பாக்கிச் சூடு, கோர விபத்து எதுவானாலும் அந்த உளவியலாளர் தேடிவந்து பேசுவார். அப்படியிருந்தும் 2019-இல் அங்கே 59 போலீஸார் தற்கொலை செய்துகொண்டார்கள். உளவியலாளரை நியமித்தால் மட்டும் போதாது, அவரிடம் போவது கேவலம் என்ற எண்ணமும் போக வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஃபைலில் எழுதும் சொல்

அலுவலக வாழ்க்கையில் நான் கவனித்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எந்தத் துறையானாலும் ஊழியர் ஒருவர் இப்படி இறந்துபோனால் ஃபைலில் வழக்கமாக ஏறும் சொல் 'குடும்பப் பிரச்சினை காரணமாக'. குடும்பப் பிரச்சினை இல்லாத வீடு ஏது? 16 மணி நேரம் வெளியே இருப்பவன் வீட்டில் பிரச்சினை வராமல் எப்படி இருக்கும்? அந்த ஒரு சொல்லை எழுதியதும் ஃபைல் மூடப்படும். வேலை நேரம், மறுக்கப்பட்ட விடுப்பு, பார்த்த சாவுகள் எதையும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. சொல்லப்போனால் எஸ்.ஆர். புத்தகத்தில் மனசுக்கென்று ஒரு கட்டம் இப்போதும் வேண்டியதில்லை, அப்படி ஒன்று இருந்தால் அதையே பிரமோஷனுக்கு எதிராகக் காட்டுவார்கள். வேண்டியது வேறு. கோரமான சம்பவம் ஒன்றுக்குப் பிறகு, கேட்காமலே நாலு நாள் ஓய்வும் ஒரு ஆலோசகரும் கிடைக்க வேண்டும். 'எனக்கு முடியவில்லை' என்று வாய்விட்டுச் சொன்னவருக்கு அதனால் எந்த நஷ்டமும் வரக்கூடாது. போலீஸாருக்குச் சொல்வது தீயணைப்பு வீரருக்கும் 108 பிள்ளைகளுக்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும் பொருந்தும்.

அரசாங்கம் செய்யும் வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது மகனோ மருமகளோ பேரனோ சீருடையில் இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்ததும் 'இன்னைக்கு என்ன கேஸ்?' என்று வேடிக்கையாகக் கேட்காமல், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். பேசினால் குறுக்கே உபதேசம் சொல்லாமல் முழுவதும் கேளுங்கள். தூக்கம் அடியோடு போவது, திடீரென்று குடி அதிகமாவது, பிள்ளைகளிடம்கூடப் பேச்சைக் குறைப்பது, 'நான் இல்லாவிட்டால்' என்று பேச்சு எடுப்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், பணம் கிடையாது. 104-லும் பேசலாம்.

மச்சானிடம் அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு என் மனைவி அடிக்கடி பேசுகிறாள். பெரும்பாலும் மழை, வாழைத்தார் விலை, பேரப்பிள்ளைகளின் படிப்பு. போன வாரம் மறுபடியும் அந்த வேன் விபத்தைப் பற்றி அவராகவே கொஞ்சம் சொன்னாராம். தானும் இடையில் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டதாகச் சொன்னாள்.

உங்கள் வீட்டுப் போலீஸ்காரர், தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் ஊழியர் யாராவது இதைப் படிக்கும் வாய்ப்பு இருந்தால் படிக்கக் கொடுங்கள். அடுத்த பதிவில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.